நான்கு அங்குலம்

கழிவு விலையில் ஒரு கழி.
அறுபத்தெட்டு வெள்ளி.
வளையம் கட்டாத, பிடி ஒட்டாத
கிராஃபைட் வெறுங்கழி,
ஏழடி நான்கங்குலம்.
"ஏழடி வேண்டுமென்றால் ஏழடியே எடு,
பதினைந்து வெள்ளிதான் கூட" என்றார்
கடைக்காரர் கோ.
பதினைந்து வெள்ளியைவிட
வீம்பு மலிவாக இருந்தது எனக்கு.

கயாக்கில் உட்கார்ந்தால் தெரியும்
நான்கு அங்குலம் எவ்வளவு என்று.
விலாவில் இடிக்கும்.
மிதவைச் சட்டையின் வாரில் மாட்டும்.
பாசிர் ரிஸில், இரவல் கழியோடு
நான் வாரை விடுவித்த அந்த இரண்டு நொடியில்தான்
கொடுவா போனது.

கழியை இரவல் தந்த ருஸ்லான்
நுனியில் வெட்டு என்றான்.
நுனியில் கை வைத்தால் கழி முரடாகிவிடும்,
மீன் முகர்ந்து பார்ப்பது விரலுக்கு எட்டாது.
அடியில்தான் வெட்ட வேண்டும்.
அதில் சந்தேகமில்லை.
எதைக் கொண்டு
என்பதில்தான்.

சமையலறைத் தரையில் பழைய நாளிதழ்.
அதன் மேல்
துருவோடு ஓர் ஆக்சா பிளேடு,
செம்புக்குப் பழகிய குழாய்வெட்டி,
பணியிடத்துப் பழைய கைமோட்டார், அதில்
காசு அகலத்தில் வைரத் தட்டு,
மூன்று வெள்ளி ஐம்பது காசுக்கு
முக்கோண அரம்.

நான் பல் செய்பவள்.
தோ பாயோவில் இரண்டாம் மாடியில்
முகம் தெரியாதவர் வாய்க்குப் பீங்கான் பல்.
மயிரிழை உயர்ந்தால்
கடிக்கிறது என்று திரும்பி வரும்.
அங்கே ஒத்திகை கிடையாது.
இங்கே,
பென்சில் கோட்டுக்குக் கீழே
எறியப்போகும் நான்கு அங்குலம் முழுக்க
தவறு செய்ய இடம்.

முதல் அங்குலம் ஆக்சாவுக்கு.
அறுக்கவில்லை, பிய்த்தது.
விளிம்பு, மாற்ற மறந்த பல் தூரிகை.

இரண்டாவது, குழாய்வெட்டி.
செம்பு நசுங்கி வழிவிடும்,
கார்பனுக்கு அந்தப் பணிவு இல்லை.
மூன்றாம் சுற்றில்
டிக்.
நீளவாக்கில் ஒரு விரிசல் கிளம்பிக்
கோட்டைப் பார்த்து ஓடி
அரை விரல் தள்ளி
மனம் மாறியதுபோல் நின்றது.
நானும் மூச்சை நிறுத்தியிருந்தேன்.

விரிசலையும் சேர்த்து எடுத்தது மூன்றாவது வெட்டு.
பத்து நொடி.
வெண்ணெய்கூட இப்படி விலகாது.
முகக்கவசத்துக்கு வெளியே கரும்புகை போல் தூள்,
கொசுவின் பேய் போல் ஒரு கீச்சொலி.
கீழ்வீட்டுத் திருமதி ஓங்
துடைப்பக்கட்டையால் கூரையை இருமுறை தட்டினார்.
மணி பத்து நாற்பது.
வீவக வீட்டில்
வைரத்துக்குப் பத்தரை வரைதான் அனுமதி.

ஆக, அரம்.

கோட்டின் மேல் மூன்று சுற்று டேப்.
ஈரத் துணி.
தொடைமேல் கழியை உருட்டி உருட்டி
ஒரே திசையில் ஒரு கீறல்,
அதே கீறலில் இன்னொன்று.
அழுத்தக் கூடாது. அவசரமும் கூடாது.
திரும்பி இழுத்தால் நார் எழும்.
வாளித் தண்ணீர் மையானது.
என் கைரேகை எனக்கே முதன்முறை
அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.
பதினொன்று இருபதுக்கு
மீதி அங்குலம் கழன்று
மடியில் விழுந்தது,
பால்பல் போல, சத்தமில்லாமல்.

லூப்பில் பார்த்தேன்.
உண்மையைச் சொல்வதென்றால்
வைரத்தின் விளிம்புதான் சுத்தம்.
அரத்தின் விளிம்பில் ஒரு சிற்றலை.
அதன் மேல் ரப்பர் மூடி வரும்,
யாருக்கும் தெரியாது.
ருஸ்லான் தடவிப் பார்ப்பான்.
அவனுக்குத் தெரியும்.

காலையில் வளையம் கட்ட
அவன் வீட்டுக்குக் கிளம்பினேன்.
மின்தூக்கி ஒரு மாடி இறங்கி நின்றது.
திருமதி ஓங், கையில் காய்கறி வண்டி.
கழியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்.
"இதுவா நேற்று?"
இதுதான் என்றேன்.
தரைத்தளம் வரும்வரை யோசித்துவிட்டு,
இறங்கும்போது சொன்னார்:
"ரொம்ப நீளம்."